அம்மாவின் சுங்குடிச் சேலைக்குப் பின்னால் ஃப்ளீஸ்

எங்கள் வீட்டு சோஃபாவில் மூன்று குயில்ட்கள் எப்போதும் கிடக்கும். இரண்டுக்குப் பின்பக்கம் பருத்தித் துணி, ஒன்றுக்கு ஃப்ளீஸ், அதாவது குளிர்ச்சட்டை தைக்கிற மெத்தென்ற பாலியெஸ்டர் துணி. நவம்பரில் ஜன்னல் கண்ணாடி சில்லிட ஆரம்பித்ததும் பிள்ளைகள் இரண்டு பேரும் இழுத்துக்கொண்டு சண்டை போடுவது அந்த ஒன்றுக்குத்தான். வேலைப்பாடு என்று பார்த்தால் மற்ற இரண்டில்தான் அதிகம், முக்கோணம் முக்கோணமாக வெட்டிச் சேர்த்து மாதக்கணக்கில் தைத்தவை. ஃப்ளீஸ் வைத்ததில் வெறும் சதுரங்கள்தான். ஆனாலும் காய்ச்சல் வந்து படுக்கும்போதும், காரில் நீண்ட தூரம் போகும்போதும் தேடி எடுப்பது அதைத்தான். அதனால் வீட்டில் போர்த்திக்கொள்ள ஒரு குயில்ட் தைக்கலாம் என்று இருக்கிறேன், எதில் ஆரம்பிக்க என்று யார் கேட்டாலும், பின்னால் ஃப்ளீஸ் வையுங்கள், நடுவில் பஞ்சே வேண்டாம் என்றுதான் சொல்லி வருகிறேன். ஏன், எப்படி என்று ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

குயில்ட் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்த மேல்துணி, நடுவில் பாய் மாதிரி விரியும் பஞ்சு, அடியில் ஒரு பின்துணி, இந்த மூன்றையும் ஊடுருவித் தையல் போட்டுச் சுற்றிலும் ஓரப்பட்டை வைத்தால் அது குயில்ட். நம் வீடுகளில் பழைய நூல் சேலைகளை மடித்து அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் கைக்குழந்தைக்கு விரிக்கிறோமே, அதற்கு இது சொந்தம்தான். நான் இருப்பது பாஸ்டனுக்கு வடக்கே, லோவெலுக்கும் லாரன்ஸுக்கும் நடுவில். லோவெலில் நியூ இங்கிலாந்து குயில்ட் மியூசியம் என்று குயில்ட்டுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே தொங்கும் பழைய குயில்ட்களின் கைத்தையலைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. அந்த மரபில் ஊறினவர்களுக்கு பாலியெஸ்டர் பிடிக்காது, மூன்று அடுக்கு இல்லாவிட்டால் அது குயில்ட்டே இல்லை என்பார்கள். அந்தக் கைவேலை மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் சுவரில் மாட்ட ஒன்று தைப்பது வேறு, பிள்ளை தரையில் இழுத்துக்கொண்டு போக ஒன்று தைப்பது வேறு. இரண்டாவதுக்கு ஃப்ளீஸ் போல ஒரு துணி இன்னும் என் கைக்குக் கிடைக்கவில்லை.

என் குயில்ட்டின் மேல்துணி அம்மாவின் சுங்குடிச் சேலைகள். மூன்று வருடம் முன்பு மதுரைக்குப் போனபோது பீரோவைத் திறந்து, உடுத்தி உடுத்தி நைந்த நாலு சேலைகளை எடுத்துக் கொடுத்தார். கரும்பச்சை ஒன்று, அரக்கு ஒன்று, மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று, எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி. "கரித்துணியாத்தான் ஆகப்போகுது, உனக்கு வேணும்னா எடுத்துட்டுப் போடி" என்றார். சுங்குடி தெரிந்தவர்களுக்குத் தெரியும், துணி அவ்வளவு மெல்லிசு, பத்து வருடம் துவைத்தது என்றால் இன்னும் மெல்லிசு, கத்தரி வைத்தாலே நெளிந்து ஓடும். இங்கே குயில்ட்டுக்கென்று விற்கும் பருத்தி அதைவிட நல்ல கனம். மெல்லிய துணியைச் சதுரமாக வெட்டுவதற்கு இங்கே ஒட்டுக் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போடச் சொல்வார்கள். நான் வடிகஞ்சிதான் போட்டேன். கஞ்சியில் முக்கி, நிழலில் காயவைத்து, லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டால் சேலை அட்டை மாதிரி நிற்கும், வெட்டவும் தைக்கவும் அத்தனை சுலபம், தைத்து முடித்த பிறகு ஒரு துவையலில் கஞ்சி போய்விடும். ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொரு சேலையையும் தனித்தனியாகத் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் விடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அரக்கு எனக்கு மூன்று தண்ணீர் வரைக்கும் விட்டது.

இப்படி மெல்லிசான மேல்துணிக்குத்தான் ஃப்ளீஸ் ரொம்பப் பொருத்தம். பஞ்சு வைத்தால் சில பஞ்சு இழைகள் மெல்லிய நெய்தல் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும், துவைக்கத் துவைக்க அதிகமாகும். ஃப்ளீஸ் பின்னல் துணி, அதில் அந்தத் தொல்லை குறைவு. பஞ்சும் அதுவே, பின்துணியும் அதுவே. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பஞ்சு வைக்காம எப்படிடி குளிர் தாங்கும்?" என்று கேட்டார். குளிரைத் தாங்குவது பஞ்சும் இல்லை, ஃப்ளீஸும் இல்லை, உள்ளே அசையாமல் நிற்கிற காற்றுதான். பாலியெஸ்டர் நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னி, அதைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி இழைகளைக் கிளப்பி, உயரம் சமமாகக் கத்தரித்து எடுத்தால் அதுதான் ஃப்ளீஸ். அந்த நிமிர்ந்த மயிர்களுக்கு நடுவில் காற்று மாட்டிக்கொள்கிறது. பாலியெஸ்டர் நூல் தண்ணீரைக் கிட்டத்தட்ட குடிப்பதே இல்லை, அதன் எடையில் ஒரு சதவீதம் கூட இல்லை, அதனால் துவைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. பருத்திப் பஞ்சு வைத்த குயில்ட் எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் கொடியில் காய இரண்டு நாள் எடுக்கும்.

சரி, துணிக் கணக்குக்கு வருகிறேன், இங்கேதான் நிறைய பேர் காசை விடுகிறார்கள். குயில்ட் பருத்தி கடையில் 42 முதல் 44 இன்ச் அகலத்தில்தான் வரும். ஃப்ளீஸ் 58 முதல் 60 இன்ச். சோஃபாவில் போர்த்திக்கொள்ளும் அளவு என்றால் 50க்கு 60 இன்ச். பின்துணி மேல்துணியைவிட நாலு பக்கமும் நாலு இன்ச் கூடுதலாக இருக்க வேண்டும், ஆக 58க்கு 68. பருத்தி என்றால் இரண்டு துண்டாக வாங்கி நடுவில் ஒட்டுப்போட வேண்டும், மூன்றேகால் கஜம் ஆகும். ஃப்ளீஸ் 2 கஜம் வாங்கினால் ஒட்டே இல்லாமல் ஒரே துணியாக வந்துவிடும், பஞ்சுச் செலவும் இல்லை. 60 இன்ச் அகலமே வாங்குங்கள், ஓரக்கரை சில சமயம் சுருண்டும் ஓட்டையாகவும் இருக்கும், அதை வெட்டினால் சரியாக இருக்கும். ஃப்ளீஸ் வாங்க நல்ல நேரம் ஜனவரி கடைசிக்கு மேல்தான், கடைகளில் பனிக்காலச் சரக்கைத் தள்ளுபடியில் விடுவார்கள். நான் என்னுடையதை ஜோஆன் என்ற துணிக்கடையில் அப்படித்தான் பாதி விலைக்கு வாங்கினேன், அந்தக் கடைகள் 2025-ல் மொத்தமாக மூடப்பட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம், துணியைத் தொட்டுப் பார்த்து வாங்க இடம் குறைந்துவிட்டது.

தொட்டுப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால் ஃப்ளீஸில் தரம் ரொம்ப வித்தியாசப்படும். ஆன்ட்டி பில், அதாவது உருண்டை திரளாதது என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். உள்ளங்கையை வைத்து இருபது முப்பது தடவை அழுத்தித் தேயுங்கள், உருண்டை உருண்டையாகத் திரண்டால் வேண்டாம். கனம் சதுர மீட்டருக்கு 200 கிராம் என்றால் குயில்ட்டுக்குக் கணக்காக இருக்கும். 300 என்றால் மெஷினில் திருப்பித் தைப்பதே பாடு. மிங்கி என்று இன்னொன்று வழுவழுவென்று இருக்கும், தொட சுகம்தான், ஆனால் வெட்டினால் வீடெல்லாம் பூ மாதிரி பறக்கும், மெஷினில் வழுக்கிக்கொண்டும் ஓடும். முதல் குயில்ட்டுக்கு அது வேண்டாம்.

இனி தரையில் விரிப்பது. நான் அழுதது இங்கேதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பருத்திப் பின்துணி என்றால் மரத்தரையில் விரித்து, நாலு பக்கமும் விறைப்பாக இழுத்து டேப் ஒட்டி, அதன் மேல் மற்ற அடுக்குகளைப் போடுவார்கள். நானும் பழக்கத்தில் ஃப்ளீஸை அப்படியே விறைப்பாக இழுத்து ஒட்டிவிட்டேன். மேலே அம்மாவின் சேலைச் சதுரங்களைப் பரப்பி, ஊக்கு குத்தி, டேப்பை உரித்து, இரண்டு நாள் தைத்தும் முடித்துவிட்டு அந்தத் துணியைத் தூக்கிப் பார்க்கிறேன், மேல்துணி முழுக்கச் சுருக்கம், அலை அலையாக நிற்கிறது. ஃப்ளீஸ் பின்னல் துணி அல்லவா, அகலவாட்டில் நன்றாக நீளும், டேப் போனதும் தன் அளவுக்குத் திரும்பிவிட்டது, நெய்த சேலை எங்கே போகும், அதன் மேலேயே மடங்கிக்கொண்டது. ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். நைந்த சேலையில் தையல் பிரிப்பது எப்படி என்று கேட்காதீர்கள், இரண்டு சதுரம் கிழிந்தே போனது, அந்த இடத்தில் மஞ்சள் சேலையின் முந்தானையிலிருந்து வெட்டி வைத்தேன்.

இப்போது செய்வது இதுதான். ஃப்ளீஸை விரித்து, ஒரு இரவு அப்படியே கிடக்க விடுவேன், மடிப்புகள் தானாக இறங்கும். கையால் நீவிவிடலாம், இழுக்கவே கூடாது. மூலைகளிலும் நடுவிலும் மட்டும் லேசாக டேப், அதுவும் நகராமல் இருக்கத்தானே தவிர விறைக்க இல்லை. எந்தப் பக்கம் அதிகம் நீளும் என்று முதலிலேயே இழுத்துப் பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைக் குயில்ட்டின் அகலத்துக்கு வைக்க வேண்டும். நன்றாக இஸ்திரி போட்ட மேல்துணியை நடுவில் வைத்து வெளிப்பக்கமாக நீவிக்கொண்டே வந்து, ஒரு கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு. ஊக்குச் சிக்கனம் மட்டும் வேண்டாம், எனக்கு இந்த அளவுக்கு 150-க்கு மேல் ஆகிறது. துணிக்கு அடிக்கிற பசை ஸ்ப்ரேயும் ஃப்ளீஸில் நன்றாகப் பிடிக்கும், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும், ஜனவரியில் இந்த ஊரில் அது முடியாது என்பதால் நான் ஊக்கோடு நின்றுவிட்டேன். இஸ்திரிப் பெட்டி ஃப்ளீஸ் பக்கமே போகக் கூடாது. பாலியெஸ்டர் உருக 250 டிகிரி செல்சியஸ் ஆக வேண்டும் என்றாலும், அதற்கு வெகு முன்பே மயிர் படுத்துப் பளபளவென்று ஒரு தழும்பு விழும், அது திரும்பாது.

தைக்கும்போது மேல்துணி மேலே, ஃப்ளீஸ் அடியில். மெஷினின் அடியில் இருக்கும் பல்வரிசை அடித்துணியைப் பிடித்து வேகமாக இழுக்கும், மேல்துணி பின்தங்கும், அதனால் வாக்கிங் ஃபுட் என்று விற்கும் பாதத்தைக் கட்டாயம் மாட்டுங்கள், அது மேலிருந்தும் சேர்த்து நகர்த்தும். உங்கள் மெஷினில் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க வழி இருந்தால் ஒரு சுற்று குறையுங்கள். ஊசி அளவு 90/14. தையல் விட்டுவிட்டு விழுந்தால் பின்னல் துணிக்கென்று உள்ள முனை மழுங்கிய ஊசிக்கு மாறுங்கள். தையல் நீளம் 3.5 மில்லிமீட்டர், அதற்குக் குறைந்தால் ஃப்ளீஸ் நீண்டு ஓரம் அலையடிக்கும். நடு வரிசையில் ஆரம்பித்து வெளியே வர வேண்டும். நெருக்கமாகத் தைக்கவே வேண்டாம், பஞ்சு இருந்தால்தான் அது நகராமல் இருக்க நெருக்கம் வேண்டும், இங்கே சதுரங்களின் இணைப்புக் கோட்டின் மேலேயே நாலைந்து இன்ச் இடைவெளியில் போனால் போதும். நெருக்கித் தைத்தால் அந்த மெத்தென்ற தன்மையே போய் அட்டையாகிவிடும். இன்னொரு பெரிய நிம்மதி, தையல் ஃப்ளீஸ் மயிருக்குள் புதைந்துவிடும். பின்பக்கம் கோணலாகப் போயிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, புதிதாகத் தைப்பவர்களுக்கு இது எவ்வளவு தைரியம் தரும் என்று எனக்குத் தெரியும். பாபின் மாற்றும்போதெல்லாம் அதன் கூட்டைத் திறந்து பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், பொடி சேர்ந்திருக்கும்.

ஓரத்துக்கு இரண்டு வழி. ஃப்ளீஸ் பிரியாது, நூல் நூலாக வராது, அதனால் ஒன்றரை இன்ச் விட்டு வெட்டி, அதையே முன்பக்கம் ஒற்றை மடிப்பாக மடித்து ஜிக்ஜாக் போட்டுவிட்டால் முடிந்தது. நான் அப்படிச் செய்யவில்லை. கரும்பச்சைச் சேலையின் கரை முழுசாக, ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு அப்படியே இருந்தது. ஜரிகை இல்லாத வெறும் நூல் கரை. அதைக் கிழித்து எடுத்து, இரண்டாக மடித்து, ஓரப்பட்டையாக வைத்தேன். குயில்ட்டின் சுற்றளவு 220 இன்ச், அதாவது 5.6 மீட்டர். மூலை மடிப்புகளுக்கும் சேர்த்துக் கொஞ்சம் போதாமல் போனது, மறுபக்கக் கரையிலிருந்து ஒரு முழம் எடுத்துச் சேர்த்தேன். மகள் தூங்கும்போது அந்தக் கரையைத்தான் விரலில் சுற்றிக்கொள்கிறாள்.

ஃப்ளீஸ் பிறந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரம் என்பது தைத்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. லாரன்ஸில் இருந்த மால்டன் மில்ஸ் என்ற ஆலைதான் 1979-ல் இந்த வகைத் துணியை உருவாக்கியது. அதுவரை செயற்கை ரோமத் துணி செய்துகொண்டிருந்தவர்கள். துணிக்குக் காப்புரிமை வாங்காமல் விட்டார்கள், அதனால்தான் ஊர் உலகமெல்லாம் செய்து இன்று இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது. 1995 டிசம்பர் 11 இரவு அந்த ஆலை எரிந்தது. முதலாளி ஆரன் ஃபியூயர்ஸ்டைனுக்கு அன்றைக்கு எழுபதாவது பிறந்தநாள். இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு கடையைக் கட்டியிருக்கலாம், ஆனால் அவர் அதே இடத்தில் திரும்பக் கட்டுவேன் என்று சொல்லி, வேலையில்லாமல் வீட்டில் இருந்த தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்தார். கட்டவும் கட்டினார். கடன் சுமையில் 2001-ல் கம்பெனி திவால் ஆனது, அப்புறம் கைமாறி, உற்பத்தியும் லாரன்ஸை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் அந்தச் சம்பளத்தை வாங்கின குடும்பங்கள் இதே ஊர்களில் இருக்கின்றன. இதைப் படித்த பிறகு ஸ்பிக்கெட் ஆற்றங்கரையில் அந்தச் செங்கல் கட்டடங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் காரை மெதுவாக்குகிறேன்.

ஃப்ளீஸில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பாராட்ட மனம் வரவில்லை. துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பாலியெஸ்டர் துகள் இழைகள் தண்ணீரோடு போகின்றன, ஆற்றிலும் கடலிலும் சேர்கின்றன. பாட்டிலை மறுசுழற்சி செய்து எடுத்த ஃப்ளீஸும் இதில் விலக்கில்லை. நான் செய்வது, குயில்ட்டை மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் துவைப்பதில்லை, நடுவில் வெயிலில் உதறிப் போடுவதோடு சரி. துவைத்தால் குளிர்ந்த தண்ணீர், மென்மையான சுற்று, முடிந்தால் இழை பிடிக்கும் பையில் போட்டு. இது துணிக்கும் நல்லது, உருண்டை திரள்வது குறையும். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், அது மயிரில் படிந்து பிசுபிசுப்பாக்கும். டிரையர் என்றால் குறைந்த சூடு. கடையில் வாங்கின பருத்தியில் மேல்துணி செய்தால் வெட்டுவதற்கு முன்பே ஒரு முறை துவைத்துக்கொள்ளுங்கள், பருத்தி சுருங்கும், ஃப்ளீஸ் சுருங்காது. பழைய சேலையில் இந்தக் கவலை இல்லை, சுருங்க வேண்டியதெல்லாம் மதுரையிலேயே சுருங்கிவிட்டது.

எல்லா இடத்துக்கும் ஃப்ளீஸ் இல்லை. கைத்தையல் போடுகிறவர்களுக்கு ஒத்துவராது, ஊசி இழுக்க விரல் நோகும். பெரிய கட்டிலுக்கு இரண்டு ஃப்ளீஸை ஒட்டுப்போட்டால் அந்த ஒட்டு தடித்து முதுகில் உறுத்தும், கனமும் கூடும், அதற்குப் பருத்தியும் பஞ்சும்தான் சரி. தோட்டத்தில் நெருப்பு மூட்டி உட்காரும்போது போர்த்தாதீர்கள், ஒரு பொறி பட்டால் ஓட்டை விழும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் தொட்டிலில் எந்தப் போர்வையும் வேண்டாம் என்றுதான் இங்கே டாக்டர்கள் சொல்கிறார்கள், ஃப்ளீஸும் அதில் சேர்த்திதான், தரையில் விரித்து விளையாட விடலாம். அம்மாவுக்கு ஒன்று தைத்து அனுப்பவா என்று கேட்டேன், மதுரைக்கு ஃப்ளீஸ் எதற்கு, கொடைக்கானலுக்குப் போனால் கூட வருடத்தில் இரண்டு நாள். அவருக்குப் பின்பக்கமும் சுங்குடியே வைத்து, நடுவில் ஒன்றும் இல்லாமல், ஓட்டுத்தையல் மட்டும் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது தரையில் மகனுக்கானது விரித்துக் கிடக்கிறது, சாம்பல் நிற ஃப்ளீஸ், மேலே நீலச் சேலையில் மிச்சம் இருந்ததும் அவன் சின்ன வயசுச் சட்டைகளும். நேற்று ராத்திரி விரித்தேன், மடிப்புகள் இறங்கிவிட்டன. மேல்துணியைப் போட்டு நடுவிலிருந்து எண்பது ஊக்கு வரைக்கும் குத்தியாகிவிட்டது, அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் மீதியையும் குத்திவிட வேண்டும், வந்தால் அதன் மேலேதான் படுப்பான்.